பல்கலைக்கழக ஐடி: சேரும் நாளிலிருந்து கிளம்பும் நாள்வரை

ஜூலை, ஆகஸ்டில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் கவுன்டரை வந்து பாருங்கள், ரேஷன் கடை தோற்றுவிடும். "வைஃபை வரலை சார்", "ஐடி லாக் ஆயிடுச்சு", "பேப்பர் டவுன்லோட் பண்ணா டாலர்ல காசு கேக்குது". தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்தக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது. வருகிற புகார்களில் பாதிக்கு மேல் ரிப்பேரே கிடையாது. முதல் வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கிச் செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டதுதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. பல்கலைக்கழகம் தரும் ஐடி, அதாவது மெயிலுக்கும் வைஃபைக்கும் நீங்கள் போடும் லாகின், உங்கள் சொத்து இல்லை. ஹாஸ்டல் அறைச் சாவி மாதிரி இரவல். இருக்கும்வரை முழுசாகப் பயன்படுத்த வேண்டும், ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

படி 1: ஐடியை வாங்கிய அன்றே

சேர்க்கை முடிந்ததும் ஏசி.இன் என்று முடியும் ஒரு மெயில் முகவரி வரும். அந்த முடிவை யாரும் கடையில் வாங்கிவிட முடியாது. எர்நெட் இந்தியா என்ற அரசு சார்ந்த அமைப்பு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் ஒதுக்குகிறது. அதனால்தான் கிட்ஹப் மாணவர் தொகுப்பு (நிரல் எழுதுவோருக்கான இலவசக் கருவிகள்) போன்ற சலுகைகள் அந்த முகவரியைப் பார்த்ததும் கதவைத் திறக்கின்றன.

முதல் வேலை, தற்காலிக பாஸ்வேர்டை மாற்றுவது. பிறந்த தேதியையோ பதிவெண்ணையோ தற்காலிக பாஸ்வேர்டாகக் கொடுக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் பதிவெண் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது, பிறந்த நாளுக்கு கேக் வெட்டிய படம் இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இரண்டாவது பூட்டு. எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, முப்பது நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது. சிம் மாறினாலும், டவர் இல்லாத லேபில் இருந்தாலும் அது வேலை செய்யும். ஆனால் அதை அமைக்கும்போது தருகிற பேக்கப் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்த பிறகு எங்களிடம் வருகிறவர்களில் அந்தத் தாளை வைத்திருந்தவர்கள் என்று இதுவரை இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக, மீட்பு முகவரியாக உங்கள் சொந்த ஜிமெயிலைக் கொடுங்கள். நண்பனுடையது வேண்டாம். நட்பு நான்கு வருடம் தாங்குமா என்பது கம்ப்யூட்டர் சென்டரின் கையில் இல்லை.

படி 2: பாஸ்வேர்டு மாற்றும்போது ஒரு சின்ன சடங்கு

இதைத் தனியாக எழுதக் காரணம் ஒரு பேராசிரியர். பாஸ்வேர்டை மாற்றினார். சிறிது நேரத்தில் கணக்கு லாக் ஆனது. திறந்துவிட்டோம். மறுபடியும் லாக். மூன்று நாள் இதே கதை, யாரோ ஹேக் செய்கிறார்கள் என்று அவருக்குத் தூக்கமே போய்விட்டது. பதிவுகளை எடுத்துப் பார்த்தால், தவறான பாஸ்வேர்டு வந்துகொண்டிருந்தது ஆசிரியர் குடியிருப்பிலிருந்து. கடைசியில் கண்டுபிடித்தோம்: பேரன் கார்ட்டூன் பார்க்கும் பழைய டேப்லெட். அதில் பழைய பாஸ்வேர்டோடு வைஃபை சேமிக்கப்பட்டிருந்தது. பேரன் அதைத் திறக்கும்போதெல்லாம் அது விடாமல் முயன்று, தாத்தாவின் கணக்கைப் பூட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன், அந்த ஐடி எந்தெந்தக் கருவியில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். போன், லேப்டாப், டேப்லெட், துறை அலுவலகக் கணினியில் உள்ள மெயில் செயலி. எல்லாவற்றிலும் வைஃபையை 'மறந்துவிடு' கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி, பிறகு ஒவ்வொன்றாக மறுபடி இணையுங்கள். கால் மணி நேர வேலை.

படி 3: வைஃபை, குறிப்பாக எடுரோம்

பல வளாகங்களில் இரண்டு பெயர்கள் தெரியும். ஒன்று உள்ளூர் நெட்வொர்க். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து லாகின் கேட்கும். மற்றது எடுரோம்: சொந்தப் பல்கலைக்கழக ஐடியை வைத்தே மற்ற கல்வி நிறுவனங்களிலும் வைஃபை தரும் ஏற்பாடு. நம் மாணவர்கள் முதலாவதிலேயே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். அது நஷ்டம்.

எடுரோம் 2002இல் நெதர்லாந்தில் முளைத்த யோசனை. இன்று நூறு நாடுகளுக்கு மேல் பரவிவிட்டது. இந்தியாவில் எர்நெட் நடத்துகிறது, இலங்கையில் லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு. உங்கள் பல்கலைக்கழகம் இதில் சேர்ந்திருந்தால், சிங்கப்பூரிலோ பெராதனையிலோ கருத்தரங்குக்குப் போய் இறங்கியதும் போன் தானாக இணைந்துகொள்ளும். நீங்கள் போன இடத்துக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியவராது. ஐடியில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து, கேள்வியை உங்கள் ஊர் சர்வருக்கு அனுப்புகிறது. 'ஆமாம், இவர் எங்கள் ஆள்தான்' என்று இங்கிருந்து பதில் போனதும் அங்கே கதவு திறக்கிறது.

இதிலிருந்தே இரண்டு விஷயம் புரியும். ஒன்று, ஐடியை @ குறியோடு முழுசாகப் போட வேண்டும். வெறும் பதிவெண் போட்டால் உள்ளூரில் சில நேரம் வேலை செய்துவிடும். வெளியூரில் அந்தக் கேள்வியை எங்கே அனுப்புவது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு, எல்லாவற்றையும் சொந்த வளாகத்திலேயே அமைத்துச் சோதித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். விமானத்தில் ஏறிய பிறகு எனக்கு வாட்ஸ்ஆப் செய்து பயனில்லை.

ஆண்ட்ராய்டில் கையால் அமைப்பதானால்: 'ஈஏபி முறை' என்ற இடத்தில் பெரும்பாலும் பீஈஏபி, 'இரண்டாம் கட்டம்' என்ற இடத்தில் எம்எஸ்சாப்வி2 என்று தேர்ந்தெடுங்கள். சான்றிதழ் (எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று போன் பார்க்கும் அத்தாட்சி) என்ற இடத்தில்தான் எல்லோரும் திணறுவார்கள். முன்பெல்லாம் 'சரிபார்க்க வேண்டாம்' என்று ஒரு தேர்வு இருந்தது, அனைவரும் அதையே அமுக்கினோம். ஆண்ட்ராய்டு 11 காலத்தில் அதை எடுத்துவிட்டார்கள், நல்லதற்குத்தான். எடுரோம் என்ற பெயரில் எவர் வேண்டுமானாலும் ஒரு போலி வைஃபை வைக்கலாம். சான்றிதழைச் சரிபார்க்காத போன் அதனிடமும் போய் ஐடியை நீட்டும். 'கணினியின் சான்றிதழ்கள்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே டொமைன் கட்டத்தில் உங்கள் சென்டர் சொல்லும் சர்வர் பெயரைப் போடுங்கள். இதெல்லாம் தலைவலி என்றால் கெட்எடுரோம் ஆப்பை இறக்கி, பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே அமைத்துவிடும்.

உள்ளூர் நெட்வொர்க்கில் ஒரு தனி வம்பு உண்டு. சில வளாகங்கள் கருவியின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்ணை, பதிந்துகொண்டுதான் அனுமதிக்கும். இப்போதைய போன்கள் பாதுகாப்புக்காக நெட்வொர்க்குக்கு ஒரு போலி மேக் முகவரியைக் காட்டும். நேற்றுவரை வந்த நெட், போனை ரீசெட் செய்த பிறகு வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் 'தனிப்பட்ட முகவரி' வசதியை அணைத்தால் போதும்.

படி 4: ஆய்விதழ்களைக் காசு கொடுக்காமல் படிப்பது

ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கும் பக்கத்தைப் பார்த்து மிரண்டு திரும்பும் முதல் வருட ஸ்காலர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் காசு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டம் 2025 முதல் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள 6,300 நிறுவனங்களுக்கு இது பொருந்தும். அரசுக் கலைக் கல்லூரி மாணவரும் இதில் அடக்கம், பலருக்கு இது தெரியவே தெரியாது. சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. அவர்கள் நூலகத்தின் சொந்தச் சந்தாவைத்தான் பார்க்க வேண்டும்.

வளாகத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, நெட்வொர்க்கின் ஐபி முகவரியைப் பார்த்தே பதிப்பகம் திறந்துவிடும். வீட்டிலிருந்து என்றால் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையம்) நடத்தும் இன்ஃபெட் என்ற லாகின் சேவை வழியாகப் போக வேண்டும். பதிப்பகத்தின் பக்கத்தில் 'நிறுவனம் வழியாக நுழைக' என்பது மாதிரி ஓர் இணைப்பு ஓரமாக ஒளிந்திருக்கும். அதை அமுக்கி, பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் சொந்த லாகின் பக்கத்துக்கு அனுப்பும். லாகின் கேட்பது பதிப்பகமா, உங்கள் பல்கலைக்கழகமா என்று முகவரிப் பட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஃபெட் இல்லாத இடங்களில் பல்கலைக்கழக விபிஎன். யூடியூபர்கள் விளம்பரம் செய்யும் விபிஎன்னுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது உங்களை வேறு நாட்டுக்காரராகக் காட்டும், இது உங்களை வளாகத்துக்குள் உட்கார்ந்திருப்பவராகக் காட்டும்.

ஓர் எச்சரிக்கை. ஒரே இரவில் ஓர் ஆய்விதழின் எல்லா இதழ்களையும் நிரல் எழுதி இறக்காதீர்கள். பதிப்பகம் உங்கள் ஒருவரைத் தடுக்காது, மொத்தப் பல்கலைக்கழகத்தையே தடுத்துவிடும். எங்கள் வளாகத்தில் ஒரு பொறுமையில்லாத இளைஞரால் இது நடந்தது. மறுநாள் காலை எல்லாத் துறையிலிருந்தும் போன்.

படி 5: சேமிப்பிடம்

"அன்லிமிடெட் டிரைவ்" என்று உங்கள் சீனியர் சொன்னால் அது பழைய கதை. கூகுள் 2021இல் அறிவித்து, 2022 ஜூலையிலிருந்து கல்விக் கணக்குகளுக்கு வரம்பு கொண்டுவந்தது: மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்து 100 டெராபைட். பெரிதாகத் தெரியும். 20,000 பேர் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 5 ஜிபி. ஹாஸ்டல் டே வீடியோ ஒன்றுக்கே காணாது. எனவே 'இடம் நிரம்பிவிட்டது' என்று நாங்கள் மெயில் அனுப்பினால் அது உண்மையாகவும் இருக்கலாம்.

'உண்மையாகவும்' என்று ஏன் சொல்கிறேன் என்றால், போலி மெயில்களில் மிக அதிகம் வருவதும் இதே வாசகத்தில்தான். வித்தியாசம் இதுதான்: எந்தக் கம்ப்யூட்டர் சென்டரும் மெயிலில் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்காது. கேட்டால் அது நாங்கள் இல்லை.

ஆய்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு மிக முக்கியமான ஒன்று. டிரைவில் ஒரு கோப்பை உருவாக்கியவர் யாரோ அவரே உரிமையாளர். ஸ்காலர் உருவாக்கிக் கைடுக்குப் பகிர்ந்த தரவு, ஸ்காலரின் கணக்கு அழியும்போது சேர்ந்தே போய்விடும். மூன்று வருடக் கள ஆய்வுத் தரவு அப்படி மறைந்து, ஒரு கைடு என் எதிரில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குத் தீர்வு எளிது. குழுவுக்கென்று 'பகிர்ந்த டிரைவ்' ஒன்றை எங்களிடம் கேளுங்கள். அதில் போடும் கோப்புக்கு உரிமையாளர் நிறுவனம், ஆட்கள் வரலாம் போகலாம்.

ஆசிரியர்களுக்கு: அகமதிப்பீட்டு மதிப்பெண் பட்டியலை 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று வைத்து வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். பெயர், பதிவெண், போன் நம்பர், சில நேரம் சாதி வரைக்கும் அதே ஷீட்டின் அடுத்த தாளில் இருக்கும். அடுத்த தாளைத் திறந்து பார்க்கத் தெரியாத மாணவர் யாரும் இல்லை.

படி 6: மென்பொருள், பிரின்ட்

இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். எதையும் வாங்குமுன், அதைவிட முக்கியமாக எதையும் 'கிராக்' போடுமுன், வளாக உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கணக்கீட்டு மென்பொருளான மேட்லேப் பல இடங்களில் முழு வளாகத்துக்கும் இருக்கிறது. பல்கலைக்கழக மெயிலில் பதிந்தால் உங்கள் லேப்டாப்பிலேயே போடலாம். சில மென்பொருள்கள் வளாக நெட்வொர்க்கில் இருந்தால் மட்டும் திறக்கும், வீட்டில் விபிஎன் போட வேண்டும். உரிமம் இல்லையென்றால் புள்ளியியலுக்கு ஆர், மேற்கோள்களுக்கு ஜோட்டெரோ, இரண்டும் இலவசம்.

பிரின்டுக்கு எல்லோரும் ஓடுவது வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குத்தான். சரி, போங்கள். ஆனால் அந்தக் கடைக் கணினியில் பல்கலைக்கழக மெயிலைத் திறக்காதீர்கள். பென் டிரைவில் போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் திரும்பினால், பதற வேண்டாம், ஃபார்மேட்டும் செய்ய வேண்டாம். பெரும்பாலும் கோப்புகள் உள்ளேயே ஒளிந்துதான் கிடக்கும். அந்த ஷார்ட்கட் எதையும் அமுக்காமல் அப்படியே எங்களிடம் கொண்டுவாருங்கள்.

படி 7: கிளஸ்டர்

இரண்டு நாள் ஓட வேண்டிய கணக்கை லேப் கணினியில் போட்டு, "தொடாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கிறது" என்று தாள் ஒட்டி வைப்பது நம் வழக்கம். நள்ளிரவில் கரன்ட் போகும், யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும், விடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த வேலைக்குத்தான் கிளஸ்டர், அதாவது பல கணினிகளைக் கோத்து ஒன்றாக ஓடவைக்கும் அமைப்பு. திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் அமைந்த பரம் பொருள் 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்டது (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்கு). அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் உங்கள் வளாகத்தில் சின்னதாக ஒன்று இருக்கக்கூடும்.

கணக்கு வாங்க, கைடின் கையெழுத்தோடு ஒரு படிவம். பிறகு எஸ்எஸ்எச் (உங்கள் கணினியிலிருந்தே தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் முறை) வழியாக உள்ளே போவீர்கள். நீங்கள் போய் நிற்கும் இடத்துக்கு லாகின் நோட் என்று பெயர். அது வரவேற்பறை. அங்கேயே நிரலை ஓட்டினால் உள்ளே வரும் அத்தனை பேருக்கும் திரை உறையும், உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியவரும்.

ஓட்ட வேண்டிய முறை: எத்தனை கோர் (கணக்குப் போடும் பகுதி), எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதி, ஸ்லர்ம் போன்ற வரிசை மென்பொருளிடம் எஸ்பேட்ச் கட்டளையால் கொடுப்பது. எஸ்கியூ போட்டால் வரிசையில் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

எல்லோரும் செய்யும் தவறு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று 72 மணி நேரமும் 40 கோரும் கேட்பது. டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் குடும்பம் சேர்ந்து உட்கார இடம் தேடி நிற்கும்போது, தனியாக வந்தவர் நடுவில் ஒரு சீட்டில் உட்கார்ந்துவிடுவார். வரிசை மென்பொருளும் அப்படித்தான். பெரிய வேலைக்கு இடம் சேரும் இடைவெளியில் சின்ன வேலைகளைச் செருகிவிடும். தரவில் நூறில் ஒரு பங்கை எடுத்து முதலில் ஓட்டிப் பாருங்கள், ஆகும் நேரத்தை மதிப்பிடுங்கள், அதற்குக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். மிகவும் குறைத்தும் கேட்காதீர்கள். நேரம் தீர்ந்தால் இரக்கமே இல்லாமல் வெட்டிவிடும். நடுநடுவே முடிவுகளைச் சேமிக்கும்படி நிரலை எழுதினால் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கிளஸ்டரில் ஸ்க்ராட்ச் என்ற சேமிப்பிடம் தற்காலிகம். குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு தானாக அழியும். அழிந்த பிறகு "சார், பேக்கப் இருக்கா" என்று கேட்காதீர்கள். இருக்காது.

படி 8: ஆய்வேடு, ஒப்புமைச் சோதனை, தமிழ் எழுத்துரு

யுஜிசியின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பங்கு, 10 சதவீதம்வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40வரை திருத்தித் தர வேண்டும், அதற்கு உச்சவரம்பு ஆறு மாதம். 40க்கு மேல் 60வரை ஒரு வருடம் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ந்து 14 சொற்கள்வரை ஒத்துப்போவதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. சோதனையை நூலகத்தில் செய்வார்கள், கடைசி வாரத்தில் போனால் வரிசை நீளும்.

தமிழ்த்துறை ஸ்காலர்களுக்கு இதில் தனிக் குழி ஒன்று உண்டு. ஆய்வேட்டை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் திரையில் 'அம்மா' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்து வரிசை. ஒப்புமை மென்பொருள் அந்த வரிசையைத்தான் படிக்கும். சில நேரம் பூஜ்யம் காட்டும், ஸ்காலர் சந்தோஷப்படுவார், நூலகர் ஏற்றுக்கொள்ள மாட்டார். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறிய பிறகும் அந்த ஆய்வேட்டை யாரும் தமிழில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கோப்பில் சேமிக்கும் யுனிகோடுக்கு மாறத் தமிழ்நாடு அரசே 2010இல் ஆணையிட்டுவிட்டது. முதல் இயலிலிருந்தே யுனிகோடில் அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். ஏற்கெனவே பாமினியில் 200 பக்கம் இருந்தால் மாற்றி மென்பொருள்கள் உண்டு. ஆனால் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குதறிவைக்கும், உட்கார்ந்து திருத்த வேண்டும்.

படி 9: புகார் எழுதும் விதம்

நேற்று வந்த ஒன்று: "நெட் வரலை. அவசரம்." இதை வைத்து நாங்கள் என்ன செய்வது? அதே நாள் வந்த இன்னொன்று: "மூன்றாவது ஹாஸ்டல், இரண்டாம் மாடி, இரவு 9.40 முதல். என் லேப்டாப்பில் வைஃபை இணைகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. அதே அறையில் போனில் வருகிறது. படம் இணைத்துள்ளேன்." இதற்குப் பத்து நிமிடத்தில் பதில் போனது. இடம், நேரம், கருவி, என்ன வாசகம் வந்தது, பக்கத்தில் இருப்பவருக்கு வருகிறதா. இந்த ஐந்தும் இருந்தால் போதும். துறைத்தலைவரின் சிபாரிசு தேவையில்லை.

படி 10: கிளம்பும்போது

கடைசிப் பருவம் தொடங்கியதும் ஆரம்பியுங்கள். பல்கலைக்கழக மெயிலை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்: ஆர்க்கிட் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண் தளம்), கூகுள் ஸ்காலர், வேலைக்கு விண்ணப்பித்த தளங்கள், ஆய்விதழ்களின் ஆசிரியர் கணக்கு. ஒவ்வொன்றிலும் சொந்த முகவரியைச் சேருங்கள். கட்டுரை வெளிவந்த பிறகு கேள்வி கேட்டு வரும் மெயில் மூடிய கணக்குக்குப் போய்த் திரும்பிவிடக் கூடாது.

கோப்புகளுக்கு இரண்டு வழி. கூகுளின் டேக்அவுட் எல்லாவற்றையும் சுருக்கி இறக்கித் தரும். கல்விக் கணக்குகளுக்கென்று இருக்கும் 'உள்ளடக்கத்தை மாற்று' வசதியை உங்கள் பல்கலைக்கழகம் திறந்து வைத்திருந்தால், மெயிலையும் டிரைவையும் நேராகச் சொந்த ஜிமெயிலுக்கு நகலெடுக்கலாம். குழுவின் தரவுக்கு முன்னாலேயே கைடிடம் உரிமையை மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

பெரிய கணக்கு என்றால் டேக்அவுட் கோப்பு தயாராக ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். தயாரானதும் இறக்குவதற்கான இணைப்பு அதே பல்கலைக்கழக மெயிலுக்குத்தான் வரும். அதனால் நோ டியூஸ் படிவத்தை எங்களிடம் நீட்டுமுன் அந்த மெயில் வந்துவிட்டதா, கோப்பு ஹார்டு டிஸ்கில் இறங்கித் திறக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் கையெழுத்துப் போட்ட சாயங்காலமே சில ஊர்களில் கணக்கை மூடிவிடுவார்கள்.